மீன்கொடி

கில்ராவன், அயர்லாந்து
8 யூன் 2009

அன்புள்ள தங்கச்சி இந்திராவுக்கு,

சாப்பிடுகிறாயோ என்று கேட்கமாட்டேன். கேட்டால் ஓம் என்று பொய் எழுதுவாய். மகள் லக்ஷனாவைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை என்ற உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. சண்டை முடிந்து முகாம்களில் அடைத்து வைத்திருக்கிற சனத்தின் பெயர்கள் இன்னும் முழுதாக வெளியில் வரவில்லை என்றுதான் இங்கேயும் சொல்கிறார்கள். பெயர் வரவில்லை என்றால் பிள்ளை இல்லை என்று ஆகாது. மாமியோடுதானே நின்றாள். மாமி நெருப்புக்குள்ளாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரக்கூடிய மனுசி.

நீ சொன்னபடி உன் அறைக்குக் கீழே சிவமணியின் கடைத் தொலைபேசிக்கு நான் அழைப்பு எடுக்கவே மாட்டேன். உன் கைத்தொலைபேசி இலக்கம் ஊருக்குப் பாதை பூட்டின பிறகு நீ வாங்கினது, அது பிள்ளைக்குத் தெரியாது. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது கடை இலக்கம் ஒன்றுதான். நான் எடுத்து ஊர்க்கதை அளக்கிற நேரம் பார்த்து அவள் எடுத்து, லைன் கிடைக்காமல் போனால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? உன் கைத்தொலைபேசியில் கதைத்தாலோ, பக்கத்து அறை ரோசாலி சுவரோடு காதை ஒட்டிவிடுகிறாள் என்கிறாய். ஆகவே பேனாதான். எனக்கு எழுத்துப்பிழை வந்தால் சிரிக்காதே.

விசயத்துக்கு வருகிறேன். நான் சமைக்கிற யொட் கிளப்பை உனக்குத் தெரியும், வசதியான ஆட்கள் பாய்ப்படகு ஓடி விளையாடுகிற இடம். ஒவ்வொரு படகிலும் பாய்மரத்து உச்சியில் கிளப்பின் முக்கோணக் கொடி பறக்கவேண்டும். அது இல்லாமல் வருவது, எங்களூரில் சட்டையோடு கோயிலுக்குள் போகிற மாதிரி. கொடிகளைப் பார்த்துக்கொள்கிறவர் கபிரியேல் என்ற கிழவர். முந்தி தைத்துக் கொடுத்த மனுசிக்குக் கண் மங்கிவிட்டது. "எனக்கொரு தங்கச்சி இருக்கிறாள், பாரிசில் சேலைக்கடைகளுக்கு ரவிக்கை தைக்கிறாள்" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். ஓகஸ்ட் கடைசியில் படகுப் போட்டி. அதற்குள் ஒரு டசின் வேண்டுமாம்.

படம் ஒன்றும் பெரிய வில்லங்கம் இல்லை. ஒரு மீன். ஊரில் எல்லாரும் அதை மீன்கொடி என்றுதான் சொல்வார்கள். பாண்டியனுக்குக் கொடி தைக்கிறேன் என்று நினைத்துக்கொள். துணி, நூல், மாதிரிக்கு ஒரு பழைய கொடி எல்லாம் பார்சலில் வருகிறது. கை ஓடினால் மனம் கொஞ்சம் ஆறும் என்பதுதான் என் எண்ணம்.

உன் அண்ணன்,
இரத்தினம்

லா சப்பல், பாரிஸ்
17 யூன் 2009

அண்ணா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

பார்சல் நேற்று வந்தது. கட்டிலில் வைத்துத் தாளைப் பிரித்தேன். சுருட்டி வைத்திருந்த மாதிரிக்கொடியை மேலிருந்து விரித்தேன். முதலில் வந்தது தலை. கருஞ்சிவப்புத் துணியில் மஞ்சள் சிங்கம். கையில் வாள். ஓரத்தில் நெட்டாகப் பச்சையும் செம்மஞ்சளும். மிச்சத்தை விரிக்க எனக்குக் கை வரவில்லை. கதவைப் போய்ப் பூட்டினேன்.

இடுப்புக்குக் கீழே மீன்வால் இருக்கிறது என்பதைப் பிறகுதான் பார்த்தேன். பச்சைக்கும் செம்மஞ்சளுக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டி இருக்கிறது, அந்த மூன்று நிறமும் உங்கள் அயர்லாந்துக் கொடி என்பதும் பிறகுதான் விளங்கியது. பிறகு விளங்கி என்ன? தெருவில் போகிறவனுக்கு அதெல்லாம் விளங்குமா? பார்க்கிற எவனுக்கும் அது சிறிலங்காவின் சிங்கக்கொடி. துக்கம் கேட்க ஆள் வந்து போகிற வீட்டில், அதுவும் சண்டை முடிந்து ஒரு மாதத்தில், என் கட்டிலில் சிங்கக்கொடி கிடக்கிறது.

மீன் என்று எழுதினீர்கள் அண்ணா. மீன் என்று.

நான் இருப்பது சிவமணியின் கடைக்கு நேர் மேலே. கடையில் தொலைபேசி அட்டைகள் தொங்குகிற சுவரில் சண்டையில் செத்த அவருடைய தம்பிமார் இரண்டு பேரின் படம், முன்னால் ஒரு விளக்கு. மே மாதத்திலிருந்து அந்த விளக்கை அவர் அணைய விட்டதில்லை. முகாமிலிருந்து எடுக்கிற சனம் முக்கால்வாசி அவருடைய இலக்கத்துக்குத்தான் எடுக்கிறது. அழைப்பு வந்தால் அவர் படிக்கட்டடிக்கு வந்து நின்று "ரோசாலியக்கா, கோல்" என்றோ "மூண்டாம் மாடி, கோல்" என்றோ கூப்பிடுவார். எந்த நாளாவது "இந்திராக்கா, கோல்" என்று அவர் கூப்பிட்டால்தான் எனக்குப் பிள்ளை இருக்கிறாள். அவர் கூப்பிடாமல் விட்டால்?

எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

இந்திரா

கில்ராவன்
24 யூன் 2009

தங்கச்சி,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி வாசித்தேன். வாசித்துவிட்டு வெளியில் போய்க் கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எட்டு வருசமாக அதற்குக் கீழேதான் வெங்காயம் உரிக்கிறேன், அதைச் சிங்கம் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வந்த அன்றைக்கு மீன் என்றார்கள், மீன் என்று நம்பினேன். நேற்றுத்தான் பார்த்தேன். சிங்கம்தான். வாளும்தான்.

கபிரியேலைக் கேட்டேன். அது கடற்சிங்கமாம், பழைய கப்பற்காரரின் கற்பனை. முந்தி இங்கிலீசுக்கார ராசா ஆண்ட காலத்தில் அதன் தலையில் மணிமுடி இருந்ததாம். அயர்லாந்து தனிநாடான பிறகு அந்த முடியை எடுக்கச் சொல்லி ஒரு கூட்டம், எடுக்கக்கூடாது என்று ஒரு கூட்டம். ஒரு காலை கிளப்புக்கு வந்து பார்த்தால் கொடிக்கம்பத்தையே அறுத்துவிட்டுப் போயிருந்தார்களாம். கபிரியேலின் தகப்பன் சின்ன வயதில் அந்தக் கொடியைத் தாயின் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்ததாகச் சொன்னார். அரிசிப் பானையோ மாப் பானையோ, எனக்கு அவருடைய இங்கிலீசு பாதிதான் விளங்கும். கடைசியில் முடியைக் கழற்றி, ஓரத்தில் நாட்டின் மூன்று நிறத்தையும் வைத்துத் தைத்துச் சமாதானமானார்களாம். அந்தச் சமாதானம் பாரிசில் வந்து உன் தலையில் விடிந்திருக்கிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எழுத வந்தது. எழுதவில்லை, ஏனென்றால் நானும் அரண்டுதான் போனேன். ஆனாலும் ஒரு யோசனை. தைக்கிறதென்றால் வெள்ளைப் பட்டியை முதலில் தை. படத்தில் வாலை முதலில் தை. யாரும் எட்டிப் பார்த்தால் மீன்தான் தெரியும். முடியாதென்றால் திருப்பி அனுப்பிவிடு, நான் கிழவருக்கு எதையாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

அண்ணன்

லா சப்பல்
11 யூலை 2009

அண்ணாவுக்கு,

திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். பார்சலைத் தூக்கிக்கொண்டு கடை வாசலைத் தாண்டித்தானே தெருவுக்கு இறங்கவேண்டும். சிவமணியே பார்சல் அனுப்புகிறவர், "என்னக்கா, உதையேன் வெளியிலை குடுக்கிறியள், இஞ்சை தாங்கோ" என்று கையை நீட்டுவார். அந்தக் கையில் இதைக் கொடுக்கவா? அதோடு, கை சும்மா இருந்தால் மனம் முகாமுக்குப் போய்விடுகிறது, முட்கம்பி முட்கம்பியாகத் தேடுகிறது. ஆகவே தைத்தேன். திரைச்சீலையை இழுத்துவிட்டு, வானொலியைப் போட்டுவிட்டு, வாலை முதலில் தைத்தேன். செதில் ஒவ்வொன்றுக்கும் பொன்னூல். நல்லாகத்தான் வந்தது. வெட்கமாக இருக்கிறது, நல்லாக வந்ததைப் பார்த்துக் கொஞ்சம் சந்தோசமும் பட்டேன்.

போன செவ்வாய் முடிந்த கொடிகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். பொதுக் குசினியில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு ஓடினேன். கதவைப் பூட்டவில்லை. திரும்பி வந்தால் ரோசாலியக்கா அறைக்குள் நிற்கிறா. அயன்பெட்டி இரவல் வாங்க வந்தவவாம். அயன் மேசையில் கொடி. வால் மேசைக்கு மற்றப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. ஓரம் மடிந்து வெள்ளைப் பட்டி உள்ளே போய்விட்டது. இந்தப் பக்கம் பச்சை, செம்மஞ்சள், கருஞ்சிவப்பு, வாள் பிடித்த சிங்கம். அவ்வளவுதான் அவவுக்குத் தெரிந்தது.

நான் வாய் திறக்க முதலே "பரவாயில்லை, நான் பிறகு எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. கத்தியிருந்தால் நல்லம். ஏசியிருந்தால் வாலைத் தூக்கிக் காட்டியிருப்பேன். ஏசாமல் போன ஆளுக்குப் பின்னால் ஓடிப்போய் என்னத்தைக் காட்டுவது?

ரோசாலியக்கா காலையில் ஊற்றித் தருகிற தேத்தண்ணி அடுத்த நாளிலிருந்து எனக்கு இல்லை. குசினியில் என் சட்டி மட்டும் தனியாக ஒதுங்கியிருக்கிறது. கடைக்குப் போய் வழமைபோல "எனக்கு ஏதும் கோல் வந்ததோ தம்பி" என்று கேட்டேன். சிவமணி கணக்குப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டு "இல்லை" என்றார். முந்தி எப்போதும் "இல்லையக்கா" என்பார். அக்கா போய்விட்டது அண்ணா.

எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்திரா

கில்ராவன்
17 யூலை 2009

இந்திரா,

ஒளிக்காதே. ஒளிக்க ஒளிக்கத்தான் கதை வளரும். ஒரு கொடியைக் கையில் எடு, நேரே கடைக்குள் போ, மேசையில் விரி, "இது அயர்லாந்துக்காரரின் படகுக்கொடி, அண்ணா தந்த வேலை" என்று சொல். மீன்வால் உள்ள சிங்கத்தை எந்த நாடு கொடியில் வைத்திருக்கிறது? சிவமணி நல்ல பெடியன். அவனுடைய கலியாணத்துக்கு நான் பெட்டி பெட்டியாகக் கோழி பொரித்தவன். என் பெயரைச் சொல்.

பயம் உனக்குப் பழகிவிட்டது. அதுதான் உன் வியாதி. கோபிக்காதே.

அண்ணன்

லா சப்பல்
31 யூலை 2009

அண்ணா,

கோபிக்கத்தான் செய்கிறேன். கடலைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரிக்கிற ஆளுக்கு எல்லாம் சுகம். "மேசையில் விரி" என்று எழுதிவிட்டீர்கள். எந்த மேசையில்? அந்த மேசைக்கு மேலேதான் இரண்டு பிள்ளைகளின் படமும் விளக்கும் இருக்கின்றன. அந்த விளக்குக்கு முன்னால் நான் ஒரு சிங்கத்தை விரித்துவிட்டு, கொஞ்சம் பொறுங்கோ, கீழே வால் இருக்கிறது என்று சொல்லவா? வால் வரும்வரை யார் பொறுப்பார்கள்? இரண்டு தரம் படிக்கட்டுப் பாதிவரை கொடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். உள்ளே ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்டது. இரண்டு தரமும் ஏறி வந்துவிட்டேன்.

தபால்பெட்டியில் இருந்த என் பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டார்கள். யாரென்று தெரியாது. இனிமேல் கடிதத்தைச் சேலைக்கடை முகவரிக்குப் போடுங்கள். நேற்றுச் சந்தியில் தெரிந்த ஒருத்தி என்னைக் கண்டுவிட்டு மற்றப் பக்கம் கடந்து போனா. ஒருவரும் என்னை அடிக்கவில்லை, ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லமாட்டார்கள். என்னை யாரும் என்னவும் செய்யட்டும், எனக்கு அதற்கில்லை பயம்.

கடைத் தொலைபேசி அடித்தால் என் அறை நிலத்தில் கேட்கும். பாயை விரித்து அந்த இடத்தில்தான் இப்போது படுக்கிறேன், உட்காருகிறேன், சோறும் அதிலேயே தின்கிறேன். மணி அடிக்கும். நிற்கும். அவர் கதைப்பது கேட்கும், சொல் விளங்காது. பிறகு படிக்கட்டில் சத்தம் வருகிறதோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பேன். "மூண்டாம் மாடி, கோல்." "ரோசாலியக்கா, கோல்." என்னைக் கூப்பிடுவதில்லை. வராததால் கூப்பிடவில்லையா, வந்தும் கூப்பிடவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? போய்க் கேட்டால் "இல்லை" என்பார். அந்த இல்லையை நான் நம்பவும் முடியாது, நம்பாமலும் இருக்க முடியாது.

வேறு எங்காவது போய்விடலாம். பாரிசுக்கு வெளியே பொண்டியில் ஒரு அறை இருக்கிறதாம். ஆனால் இந்த நிலத்தை விட்டு நான் எப்படிப் போவேன்? பிள்ளையின் குரல் வருகிறதென்றால் இதற்குக் கீழேதானே வரும்.

கொடி முழுக்க முடிந்துவிட்டது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்து எடுத்து வைக்கிறேன்.

இந்திரா

கில்ராவன்
6 ஓகஸ்ட் 2009

தங்கச்சி,

வெட்டாதே. வருகிறேன். கிளப்பில் லீவு கேட்டேன், போட்டி நெருங்குகிற நேரம் சமையல்காரன் போவதா என்று முகத்தைச் சுளித்தார்கள். கபிரியேல்தான் பேசி வாங்கித் தந்தார். ஏன் போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். கிளப் கட்டடத்துக் கம்பத்தில் ஏற்றுகிற பெரிய கொடியை மடித்துத் தந்தார். "பெரிதாக இருந்தால் கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் வால் தெரியும்" என்றார்.

எழுதும்போது தைரியமாகத்தான் எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால், இந்தக் கொடியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு லா சப்பலில் இறங்க எனக்கும் கால் கூசுகிறது. உனக்குச் சொன்ன புத்தி எனக்கே இப்போது கசக்கிறது.

15ஆம் திகதி சனிக்கிழமை வருவேன். நீ கீழே வரவேண்டாம். கதவைப் பூட்டிக்கொண்டு இரு.

அண்ணன்

லா சப்பல்
27 ஓகஸ்ட் 2009

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும், புதுக் கொடிகள் எல்லாப் படகிலும் ஏறியதும் சேலைக்கடைக்காரர் தந்த உங்கள் கடிதத்தில் பார்த்தேன். அதற்குப் பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்தது. ஏனென்றால் நீங்கள் ரயில் ஏறிய பிறகு ஒன்று நடந்தது.

கடைக்குள் என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லவே இல்லை. "முடிஞ்சுது, சாப்பிடு" என்று மட்டும் சொன்னீர்கள். ரோசாலியக்கா பிறகு வந்து அழுதுகொண்டு சொன்னா. "உன்ரை அண்ணை கொடியை அடியிலையிருந்து விரிச்சார் இந்திரா. முதல்லை வால் வந்துது. சனம் மீன் எண்டுது. இன்னும் விரிச்சார், செதில் வந்துது. கடைசியாத்தான் தலை." என்னைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டா. நான் ஏசவில்லை. அவவின் இடத்தில் நின்றிருந்தால் நானும் அயன்பெட்டி வேண்டாம் என்று போயிருப்பேன்.

நீங்கள் ரயில் ஏறிய அன்றைக்குப் பின்னேரம் சிவமணி மேலே வந்தார். இவ்வளவு காலத்தில் அவர் மாடிக்கு ஏறி வந்து நான் காணவில்லை. உள்ளே வாருங்கோ தம்பி என்றேன். வரவில்லை. நிலைக்கு வெளியே நின்றுகொண்டு என் காலடியில் விரித்திருந்த பாயைப் பார்த்தார்.

"அக்கா, ஒரு கோல் வந்தது. போன மாதக் கடைசியிலை. பொம்பிளைப் பிள்ளையின்ரை குரல். இந்திராதேவியோடை கதைக்கலாமோ எண்டு கேட்டுது."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இஞ்சை அப்பிடி ஒராள் இல்லை எண்டு சொல்லிப்போட்டன் அக்கா."

பிள்ளை என்ன சொன்னது என்று கேட்டேன். நான் திரும்பவும் கேட்டேன்.

"சரி அண்ணை எண்டுது. சரி அண்ணை எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டுது."

அண்ணா, அந்த மணியை நான் கேட்டிருக்கிறேன். இந்தப் பாயில் காதை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். பதின்மூன்று படிக்குக் கீழே என் பிள்ளை பேசியிருக்கிறாள்.

சிவமணி வாசலிலேயே குந்திவிட்டார். அவரை அடிக்கவேண்டும் என்று எனக்கு வந்தது. பிறகு, பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் இவர்தான் என்றும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் நான் ஒன்றும் செய்யாமல் நின்றேன். எந்த முகாம், யாருடைய தொலைபேசி, ஒன்றும் அவருக்குத் தெரியாது. எடுத்த எண் தொலைபேசியில் விழவில்லையாம். திரும்பி எடுக்க வழியில்லை.

இப்போது பயம் வேறு மாதிரி. முந்தி, இருக்கிறாளோ இல்லையோ என்ற பயம். இப்போது, அம்மா தன்னை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டா என்று நினைத்துக்கொண்டு ஒரு கூடாரத்துக்குள் இருக்கிறாளே என்ற பயம். கெட்டிக்காரப் பிள்ளை, இல்லை என்று சொன்ன இடத்துக்கு இரண்டாம் தரம் எடுக்கமாட்டாள். அப்படித்தானே நான் அவளை வளர்த்தேன்.

காலையில் கடை திறக்கும்போதே போய்விடுகிறேன். தொலைபேசிக்குப் பக்கத்தில் சிவமணி எனக்கு ஒரு கதிரை போட்டிருக்கிறார். தையல் மெஷினையும் அவரே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். மணி அடித்தால் இப்போது அவர் எடுப்பதில்லை, நான்தான் எடுக்கிறேன். ஹலோ சொல்வதில்லை. எடுத்ததும் "நான் லக்ஷனாவின்ரை அம்மா, இஞ்சைதான் இருக்கிறன்" என்கிறேன். மரக்கறி விலை கேட்கிறவர்களும் அதைக் கேட்டுவிட்டுத்தான் விலை கேட்கிறார்கள். முகாமிலிருந்து வேறு வீட்டுக்கு எடுக்கிற சனத்திடம், அந்த வீட்டாரைக் கூப்பிட முதல், பிள்ளையின் பெயரைச் சொல்லி, எங்கேயாவது கண்டால் சொல்லுங்கோ என்று கெஞ்சுகிறேன். சிலர் ஓம் என்கிறார்கள். சிலருக்குக் காசு முடிகிறது.

நேற்று ஒரு பெண் எடுத்தா. மூன்றாம் மாடிக்கு வந்த கோல். எங்கிருந்து எடுக்கிறா என்று கேட்டேன், சொல்லப் பயந்தா. நான் பிள்ளையின் பெயரைச் சொன்னேன்.

"எங்கடை பக்கம் நாலு லக்ஷனா இருக்கினம் அக்கா," என்றா. "எது உங்கடை பிள்ளை எண்டு எனக்குத் தெரியாது. நாலு பேரிட்டையும் போய்ச் சொல்லுறன், அம்மா அங்கைதான் இருக்கிறா எண்டு."

சொல்லுங்கோ என்றேன். நாலு பேரிடமும் சொல்லுங்கோ என்றேன்.

இந்திரா